நெடும் பியானோக் கச்சேரிக்கு முதன்முறை போகிறவருக்கு

ஒரே ஒரு பியானோ, ஒரே ஒரு வாசிப்பாளர், இடைவேளையில்லாத 75 நிமிடங்கள், பக்கத்து அறையில் யாராவது பேசினால் அமுங்கிப்போகும் அளவுக்கு மெல்லிய ஒலி. இப்படியொரு கச்சேரிக்குக் கோவையிலோ ஈரோட்டிலோ உங்களுக்கு அழைப்பு வந்தால், போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், போன இடத்தில் எப்படி உட்கார வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதற்காக இதை எழுதுகிறேன். நான் இசை பயின்றவன் அல்லன். திருப்பூரில் பின்னலாடைத் துறையில் துணி செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவன். இந்த வகை இசையை முதன்முறை கேட்டபோது பாதியில் எழுந்து போனவன் என்பதால், புதிதாக வருகிறவருக்கு எந்த இடத்தில் கால் இடறும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

முதலில் எந்தப் படைப்பு என்று கேளுங்கள்

அழைப்பிதழில் ‘மினிமலிச இசை’ என்று மட்டும் போட்டிருந்தால் அது போதாது. மிகச் சில சுரங்களை வைத்தே கட்டப்படும் இசைக்கு வழங்கும் அந்தப் பெயருக்குக் கீழே ஒன்றோடொன்று அவ்வளவாக ஒட்டாத சில வகைகள் இருக்கின்றன. ஒரு வகையில் தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். சிறு சுரக்கோவை ஒன்று திரும்பத் திரும்ப வந்து, கவனிக்காத நேரத்தில் மெல்ல மாறும். அமெரிக்காவின் ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் ஆகியோர் இந்த வகையினர். நெதர்லாந்தின் சிமியோன் டென் ஹோல்ட் 1976இல் முடித்த ‘காண்டோ ஒஸ்டினாட்டோ’வும் இதைச் சேர்ந்ததுதான். அதில் ஒவ்வொரு பகுதியையும் எத்தனை முறை வாசிப்பது என்பதை வாசிப்பவரே முடிவுசெய்யலாம் என்பதால், ஒரு நாள் ஒரு மணி நேரத்தில் முடிவது இன்னொரு நாள் பல மணி நேரத்துக்கு நீளக்கூடும். சோமனூரிலோ பள்ளிபாளையத்திலோ விசைத்தறி ஓடும் வீட்டில் தூங்கிப் பழகியவர்களுக்கு இந்த வகை சீக்கிரமே பிடிபட்டுவிடும். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

இன்னொரு வகை, பொறுமையையே சோதிப்பது. பிரெஞ்சுக்காரரான எரிக் சத்தி 1893 வாக்கில் ஒரு தாளில் அடங்கும் ‘வெக்ஸேஷன்ஸ்’ என்ற சிறு படைப்பை எழுதி, அதை 840 முறை வாசிப்பதைப் பற்றிய குறிப்பொன்றையும் அதன் தலைப்பில் எழுதிவைத்தார். அவர் அதை விளையாட்டாக எழுதினாரா என்ற பேச்சு இருந்துகொண்டிருக்க, 1963இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் நியூயார்க்கில் பல பியானோக் கலைஞர்களை மாற்றி மாற்றி உட்காரவைத்து 840 முறையும் வாசிக்கச் செய்தார். 18 மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. நுழைவுக் கட்டணம் 5 டாலர். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்பட்டது. (நம் ஊரில் இப்படி அறிவித்தால் கூட்டம் கடைசிவரை கலையாது என்பது என் கணிப்பு.) 2020இல் பியானோக் கலைஞர் இகோர் லெவிட் பெர்லினில் தனியொருவராகவே அமர்ந்து 15 மணி நேரத்துக்கும் மேல் இதை வாசித்து முடித்தார். இத்தகைய நிகழ்ச்சிக்குப் போனால் நடுவில் எழுந்து சாப்பிட்டுவிட்டு வருவதில் தவறில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது மூன்றாவது வகையை. தாளம் ஓடாது, ஒலி உயராது, கட்டைகள் மிக மெல்லத் தொடப்படும், இடையிடையே நிறைய வெற்றிடம் இருக்கும். இதன் பெரிய பெயர் அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன். 1926இல் நியூயார்க்கில் பிறந்து 1987இல் காலமானவர். இவரை மினிமலிசத்தில் சேர்க்கலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சண்டை போடுவார்கள். புதிதாக வருகிறவருக்கு அந்தச் சண்டை வேண்டாம். 1985இல் அவர் தம்மிடம் பயின்ற இசையமைப்பாளர் ஒருவரின் பெயரில் எழுதிய ‘ஃபார் புனிட்டா மார்க்கஸ்’ ஏறத்தாழ 75 நிமிடம் ஓடும். 1981இல் எழுதிய ‘டிரையாடிக் மெமரீஸ்’ வாசிப்பவரைப் பொறுத்து ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ போகக்கூடும். 1986இல் எழுதிய ‘பாலே டி மாரி’ 25 நிமிடம்தான். அழைப்பில் இவற்றில் எது இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

நீளம் நமக்குப் புதிதல்ல. அண்ணன்மார் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடக் கேட்ட கொங்கு நாட்டுக்கு 75 நிமிடம் எம்மாத்திரம்? இங்கே இடறுவது கதை இல்லாமை. அடுத்து என்ன ஆகும் என்று காத்திருந்து பழகிய மனத்துக்கு, அடுத்து எதுவுமே ஆகாது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் பயிற்சி வேண்டும்.

ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள்

முதல் பயிற்சிக்கு இசையே தேவையில்லை. வீட்டில் பூசைக்கு வைத்திருக்கும் வெண்கல மணியை ஒரே ஒரு முறை அடித்துவிட்டு, ஒலி முழுக்கச் சாகும்வரை வேறெதுவும் செய்யாமல் கேளுங்கள். முதலில் அடித்த சத்தம் போய்விடும். பிறகு ரீங்காரம் மட்டும் நிற்கும். அந்த ரீங்காரமும் ஒரே சீராகக் குறையாமல் லேசாக அலையடித்துக்கொண்டே குறையும். கடைசியில், கேட்கிறதா, கேட்டது நினைவில் நிற்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஓர் இடம் வரும். ஃபெல்ட்மனின் இசையில் பாதி அந்த இடத்தில்தான் நடக்கிறது.

அடுத்து, பியானோ எப்படி ஒலிக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 88 கட்டைகள், ஒவ்வொன்றையும் அழுத்தும்போது கம்பளி ஒட்டிய சிறு சுத்தியல் ஒன்று தந்தியைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடும். தட்டிய நொடியிலிருந்து ஒலி தேயத்தான் செய்யும். வயலினைப்போல இழுத்து வளர்க்கவோ, வீணையைப்போல கமகம் கொடுக்கவோ வழியில்லை. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் வரும் ஏமாற்றம் இதுதான்: அவர்களுடைய காது சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வளைவைத் தேடும், இங்கே நடுவில் இருப்பது தேய்வு மட்டுமே. இடப்பக்கத்துக் கனத்த தந்திகள் நெடுநேரம் ஒலிக்கும். வலக்கோடியில் உள்ளவை ஓரிரு நொடிகளில் அடங்கிவிடும். ஆகையால் ஒரே நேரத்தில் தட்டிய இரண்டு சுரங்களில் ஒன்று போய் மற்றது தனியே நிற்பதை நீங்கள் கேட்கலாம். அதைக் கேட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

வலது பெடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை முழுக்க அழுத்தினால் தந்திகளை அடக்கும் கம்பளித் துண்டுகள் மேலே எழுந்து, எல்லா ஒலியும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். விட்டுவிட்டால் ஒலி அறுந்துபோகும். ஃபெல்ட்மன் ‘டிரையாடிக் மெமரீஸ்’ போன்ற படைப்புகளில் கேட்பது அரைப்பெடல். கம்பளி தந்தியைத் தொட்டும் தொடாமலும் நிற்க, ஒலி முழுதாகச் சாகாமல் புகைபோலத் தங்கும். ஒன்றரை மணி நேரம் காலை அந்த அரைநிலையிலேயே வைத்திருப்பது வாசிப்பவரின் விரல் வேலைக்குச் சற்றும் குறைந்ததல்ல. கச்சேரியில் முடிந்தால் அந்தக் காலையும் ஒரு தடவை பாருங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து ஒலிப்பதிவு கேட்கலாம். ‘பாலே டி மாரி’யில் தொடங்குங்கள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள். கீழ்த்தந்திகள் அதில் வரவே வராது. ஹெட்போனில், பிறர் பேசுவது கேட்கும் அளவுக்குக் குறைந்த ஒலியில் கேளுங்கள். ஒலி குறைவாக இருக்கிறதே என்று கூட்டினால் அந்த இசை வேறொன்றாகிவிடும். எல்லாமே உரக்கப் பேசுவதுபோல இருக்கும். முதல் நாள் 10 நிமிடம், மறுநாள் முழுவதும் என்று போதும். போகவிருக்கும் படைப்பையே முன்கூட்டி முழுதாகக் கேட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பது என் கருத்து. நண்பர்கள் சிலர் இதை ஒப்புக்கொள்வதில்லை.

எதைக் கேட்பது

இந்த இடத்தில் என் தொழிலை இழுத்துத்தான் ஆக வேண்டும். ஃபெல்ட்மனின் தந்தை நியூயார்க்கில் சிறுவர்களுக்கான கோட்டு தயாரித்தவர்; ஃபெல்ட்மனும் நடுவயது வரை குடும்பத் தொழிலில் வேலை பார்த்தவர்தான். பிற்காலத்தில் அவருக்குத் துருக்கிப் பகுதியின் பழைய கம்பளங்கள்மீது பெரும் பித்து பிடித்தது. நாடோடிகள் நூலைச் சிறு சிறு அளவாகச் சாயமிடுவார்கள்; ஒவ்வொரு முறையும் சாயம் இம்மியளவு மாறும்; அதனால் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சிவப்பாகத் தெரியும் கம்பளம் அருகில் போனால் பட்டை பட்டையாகப் பல சிவப்புகளாகத் தெரியும். அதற்கு ‘அப்ரஷ்’ என்று பெயர். திருப்பூரில் இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஷேடு வேரியேஷன்’. இரண்டு ரோலுக்கு நடுவே அது தெரிந்தால் லாட் முழுவதும் டையிங்குக்குத் திரும்பிப் போகும். நாங்கள் ரிஜெக்ட் செய்வதை அந்த மனிதர் காதலித்திருக்கிறார் என்று அறிந்த அன்றுதான், பாதியில் எழுந்துபோன கச்சேரியை நான் மறுபடி நினைத்துப்பார்த்தேன்.

நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டியான லைட் பாக்ஸில் இரண்டு துண்டுத் துணியை அருகருகே வைத்துப் பார்க்கும்போது நாங்கள் எதற்காகவும் காத்திருப்பதில்லை. ஒன்றைப் பார்ப்போம், மற்றொன்றைப் பார்ப்போம், விளக்கை மாற்றி மீண்டும் முதலாவதைப் பார்ப்போம். ஒன்றுபோலவே இருக்கிறது என்று தோன்றும். அப்புறம் ஒன்றில் இத்துனூண்டு மஞ்சள் கூடியிருப்பது கண்ணில் படும். பட்டுவிட்டால் அதற்கப்புறம் அதைப் பார்க்காமலிருக்க முடியாது. காதால் இதே வேலையைச் செய்வதுதான் இந்தக் கச்சேரியைக் கேட்கும் முறை. ‘ஃபார் புனிட்டா மார்க்கஸ்’ அடுத்தடுத்து நிற்கும் இரண்டே சுரங்களுடன்தான் தொடங்குகிறது. அவை வெவ்வேறு ஸ்தாயிகளில் தூவப்படுகின்றன. அந்த இரண்டும் மறுபடி மறுபடி வரும்போது மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது வந்தது முன்பு வந்ததைவிட மேலே இருந்ததா, கீழே இருந்ததா? இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி கூடியதா, குறைந்ததா? முன்பு சேர்ந்து வந்தவை இப்போது பிரிந்து வந்தனவா? இவற்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. கேள்வி இருந்தால் காது விழித்திருக்கும்.

தாளம் போடப் பார்க்காதீர்கள். எண்ணுவது நம் கைகளுக்கு ஊறிப்போன பழக்கம். ஆனால் இந்தப் படைப்பில் 3/8, 5/16, 2/2 என்று தாள அளவுகள் மாறிக்கொண்டே இருப்பதால் எந்த எண்ணிக்கையும் நாலு அடி தாங்காது. தொடையில் தட்டும் விரல் பக்கத்தில் இருப்பவரை எரிச்சலூட்டுவதோடு சரி.

கச்சேரி நாளில்

மதியம் வயிறு நிறைய உண்டுவிட்டு மாலையில் போகாதீர்கள். அரை வயிற்றோடு போங்கள். தண்ணீரை ஒரு மணி நேரம் முன்னதாகவே குடித்துவிட்டு, உள்ளே போகும் கடைசி நிமிடத்தில் கழிப்பறைக்குப் போய்வாருங்கள். இருமல் வரும் என்று தோன்றினால் பனங்கற்கண்டை வாயில் அடக்கிக்கொண்டே உள்ளே நுழையுங்கள். உள்ளே உட்கார்ந்து மிட்டாயின் தாளை மெதுவாகப் பிரிப்பது சட்டென்று பிரிப்பதைவிடக் கொடுமை. கண்ணாடி வளையலும் மொடமொடக்கும் பட்டும் இன்றைக்கு வேண்டாம். கைப்பேசியை அதிர்வில் வைப்பதும் போதாது. மர நாற்காலியில் வைத்த கைப்பேசி அதிர்ந்தால் கூடம் முழுக்கக் கேட்கும். அணைத்துவிடுங்கள்.

எங்கே உட்கார்வது என்பதில் நம் சபா வழக்கத்தை மறந்துவிடுங்கள். மைக் இருக்காது, இருக்கவும் கூடாது. எனவே முன்னால் உட்காருங்கள். விரல்களைப் பார்க்க விரும்பினால் இடப்பக்கம்; ஒலிதான் முக்கியம் என்றால், கிராண்ட் பியானோவின் மூடி திறந்திருக்கும் வலப்பக்கம். தரையில் பவானி ஜமக்காளம் விரித்திருந்தால் தயங்காமல் அதில் அமருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் அசையும் ஒவ்வொரு முறையும் வரும் முனகல், அந்த நேரத்தில் வாசிக்கப்படும் சுரத்தைவிட உரத்தது.

தொடங்கியபின் உங்களுக்கு என்ன நேரும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். முதல் 10 நிமிடம் ஆர்வமாக இருக்கும். அதற்கப்புறம் அரைமணி நேரம் வரை கஷ்டம்: முதுகு அரிக்கும், வீட்டில் கேஸ் அணைத்தோமா என்று தோன்றும், இதெல்லாம் ஏமாற்று வேலையோ என்ற கோபமும் வரும். சென்ற ஆண்டு நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில் முப்பது பேர் கூடிக் கேட்டபோது, என் அருகிலிருந்த பெரியவர் கால்மணி நேரம் கழித்துக் காதோடு கேட்டார்: “ஏனுங்க, சுருதி சேர்த்துறது இன்னும் முடியலீங்களா?” நியாயமான கேள்வி. அவரிடம் நான் இதழில் விரல் வைத்துக் காட்டியது இன்றும் கொஞ்சம் உறுத்துகிறது.

அன்றே, பாதி தாண்டியபோது மின்சாரம் போயிற்று. மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி மெல்ல மெல்லச் சுழன்று நின்றது. வாசித்தவர் இசைக்குறிப்பை டேப்லெட்டில் வைத்திருந்ததால் அதன் வெளிச்சம் மட்டும் அவருடைய முகத்தில் இருந்தது, அவர் நிறுத்தவில்லை. அதுவரை நாங்கள் மௌனம் என்று நினைத்துக்கொண்டிருந்தது விசிறியின் சத்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் ஒரு வால் இருந்தது. முன்பு நாங்கள் அதை வெட்டி எறிந்துவிட்டுத் தலையை மட்டும் கேட்டிருக்கிறோம். ஏழெட்டு நிமிடம் கழித்துப் பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியபோது, பெரியவர் உட்பட ஒரு பத்துப் பேராவது முகம் சுளித்தார்கள்.

தூக்கம் வந்தால் தூங்கலாம். குறட்டை விடாதவராக இருந்தால் சரி. எழுந்து போயே ஆகவேண்டுமென்றால், ஒலி தேய்ந்துகொண்டிருக்கும்போது போகாமல், அடுத்த சுரம் விழும் நேரம் பார்த்து எழுங்கள். ‘ஆஹா’, ‘பேஷ்’ எதுவும் வேண்டாம். முடிவு வருவதும் உங்களுக்குத் தெரியாது: மங்களம் இல்லை, தீர்மானம் இல்லை, வாசித்தது ஓரிடத்தில் நின்றுபோகும். அது இன்னொரு வெற்றிடமோ என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். வாசிப்பவரின் கைகள் கட்டையிலிருந்து மடிக்கு இறங்கி, காலும் பெடலை விட்ட பிறகே கைதட்டுங்கள். முதல் ஆளாகத் தட்ட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

நீங்களே ஒன்று நடத்தப் பார்த்தால்

ஒரு தடவை கேட்டவர்களில் சிலருக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. டிஜிட்டல் பியானோவில் வைக்காதீர்கள். பழகுவதற்கு அது நல்லது, ஆனால் மேலே சொன்ன தேய்வை ஒலிபெருக்கி வழியாகக் கேட்பது, இளநீரைப் பாட்டிலில் குடிப்பது போலத்தான். உண்மையான பியானோவைக் கொண்டுவந்தால், இறக்கிய உடனே சுருதி சேர்க்காமல் அறையின் தட்பவெப்பத்துக்கு அது பழக நாள் கொடுத்து, கச்சேரியன்று காலையில் சேர்க்கச் சொல்லுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மரமும் கம்பளியும் ஈரம் ஏறிச் சுருதி நிற்காது. விசிறி இல்லாமல் முப்பது பேர் உட்காரக்கூடிய மார்கழி, தை மாலைகளே நல்லவை.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பாருங்கள்: முகூர்த்த நாள் ஆகாது, மண்டபத்து ஒலிபெருக்கி தெருவெல்லாம் கேட்கும். பக்கத்து மாரியம்மன் கோயிலில் நோம்பி (திருவிழா) சாட்டியிருந்தால் அந்த இரண்டு வாரமும் ஆகாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் பகலில்தான் வரும். அது மாலைக்கு முன் முடிந்துவிட்டால் கவலையில்லை, முடியாவிட்டால் தெருவிலுள்ள ஜெனரேட்டர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தெருவுக்கு எந்த நாளில் குடிநீர் விடுகிறார்கள் என்று விசாரியுங்கள். தண்ணீர் வரும் மாலையில் எல்லா வீட்டு மோட்டாரும் ஓடும். அழைத்தவர்களில் பாதிப் பேர் குடத்தருகே நிற்பார்கள்.